மிதவை கட்டாத தூண்டில்

ஸ்டர்ஜன் மீனுக்கு என்ன இரை போடுவீர்கள் என்று டவுனிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இரையே கிடையாது. வெறும் முள்தான். வசந்தத்தில் பனி உடைந்ததும் அந்த மீன் கடலிலிருந்து டான்யூபுக்குள் முட்டையிட ஏறும். ஆற்றின் அடியை உரசிக்கொண்டே போகும். நாம் அறுபது தூண்டில் முள்ளை ஒரு வடத்தில் வரிசையாகக் கட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே ஆடுகிற மாதிரி ஆற்றுக்குக் குறுக்கே போட்டுவைக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு முள் விலாவில் ஏறும். மீன் திமிறும். திமிறினால் பக்கத்து முள்ளும் ஏறும். அவ்வளவுதான். முள்ளை நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும். அந்தக் கூர் இல்லையென்றால் வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

மீதியெல்லாம் எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது. மற்றவர்கள் போட்ட இடம் தெரிவதற்காக வடத்தின் நுனியில் மிதவை கட்டுவார்கள். நான் கட்டியதில்லை. மிதவை என்பது திருடனுக்கு நாமே எழுதிவைக்கிற பெயர்ப்பலகை. நான் அடையாளம் பார்த்துப் போவேன். எங்கள் கரையில் கோயிலின் நீலக் குவிமாடமும் ரொட்டிக்கடைப் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வரவேண்டும். எங்கள் கரை ருமேனியா, எதிர்க்கரை சோவியத்காரன் கரை. அங்கேயும் எங்கள் ருஷ்ய பாஷைதான் பேசுவார்கள், ஆனால் இங்கிருந்து கையை ஆட்டினால் விசாரணை வரும். அந்தக் கரையில் காவல் கோபுரத்துக்குப் பின்னால் பிளந்த வில்லோ மரம் மறைய வேண்டும். இரண்டும் சேருகிற இடத்தில் பாதாளக்கரண்டியை, அந்தக் கொக்கிக் கொத்தை, கயிற்றில் இறக்கினால் வடம் மாட்டும். இந்த இரண்டாவது அடையாளம் என்னையும் என் மனைவி அகாஃபியாவையும் தவிர யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முப்பத்தொரு வருடம் அகாஃபியாதான் எனக்குத் தண்டு வலித்தாள், துடுப்பு அவள் கையில்தான். ஒருத்தர் தண்டு வலித்துப் படகைப் பிடித்து நிறுத்த வேண்டும், ஒருத்தர் வடத்தைத் தூக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. நான் பின்பக்கம் நின்று கரையைப் பார்ப்பேன். இடம் வந்ததும் அவள், "இப்போ" என்பாள். கடைசி நாலு வருடமாக எனக்கு ஒரு மூச்சு முன்னால் சொல்லிவிடுவாள். அவசரக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

எழுபத்து நான்காம் ஆண்டு மார்ச்சில், பனி போன கையோடு இரண்டு பேரும் வடத்தைப் போட்டோம். அப்போதே இருமிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் தினமும் தூக்கினோம். ஒன்றுமில்லை. பிறகு அவள் படுத்தாள். எட்டாம் நாள் போய்விட்டாள். பாஸ்காவுக்கு முந்தைய பெரிய நோன்பின் நடுவில் புதைத்தோம்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தபின் தனியாக ஆற்றுக்குப் போனேன். வடத்தை மாட்டிப் பிடித்து இடத்தையாவது உறுதி செய்துகொள்ளலாம் என்றுதான் போனேன். நடு ஆற்றில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தேன். கோபுரம் ஒரு சாம்பல் கறை. அதற்குப் பின்னால் மரமும் இல்லை, மட்டையும் இல்லை. மேகம் என்று நினைத்து மறுநாள் வெயிலில் போனேன். அதே கறை. அப்போதுதான் விளங்கியது, நாலு வருடமாக நான் எதையுமே பார்க்கவில்லை, அவள் "இப்போ" சொன்னபோது கரண்டியைப் போட்டிருக்கிறேன் என்று. ஐந்து நாள் ஆற்றின் அடியைக் குருடன் மாதிரிக் கிளறினேன். வேர் மாட்டியது, பழைய வலை மாட்டியது. என் வடம் மாட்டவில்லை.

பிடித்த மீனை எடை போட்டு வாங்கும் அரசாங்க மீன் கூடத்தின் அதிகாரி ப்ரெதா வீட்டுக்கு வந்தான். ருமேனியன், கெட்டவன் இல்லை, ஆனால் அதிகாரி. பழைய ஜெப முறையை விடாத எங்கள் பழைய முறைக்காரர் வீடுகளில் வெளியாட்களுக்கென்று கதவோரம் ஆணியில் ஒரு தகரக் குவளை தொங்கும். நம் கிண்ணத்தில் அவர்கள் வாய் படக்கூடாது. அதில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"பெரியவரே, உங்க சம்சாரம் போனதுல எனக்கும் வருத்தந்தான்" என்றான். "ஆனா ஒரு படகுன்னா ரெண்டு ஆளு. நீங்க ஒத்த ஆளு. உங்க படகுல இருந்து இந்த சீசன்ல ஒரு மீனும் வரல."

"ஆத்துல மீன் இல்ல."

"பக்கத்துப் படகுக்கு மூணு வந்திருக்கே."

"அவனுக்கு வேற வேலை இல்ல."

அவன் சிரிக்கவில்லை. "வர்ற சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு ஸ்டர்ஜன் வரலன்னா உங்க படகுக்குன்னு பிரிச்சு விட்ட அந்த ஆத்துத் துண்ட வேற படகுக்கு எழுதிருவேன். நீங்க கூடத்துல உக்காந்து வலை பின்னுங்க. அடுப்புப் பக்கம், சூடா இருக்கும்."

வர்ற சனிக்கிழமை என்றால் லாசரு சனிக்கிழமை, பாஸ்காவுக்கு எட்டு நாள் முன்னால் வருவது. நாலு நாள்தான் இருந்தது.

அந்த இடம் போனால் எனக்கு ஆற்றுக்குப் போகக் காரணமே இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது? அவள் படுத்த கட்டில். அவள் கொடியில் போட்ட துணியை நான் இன்னும் எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆற்றிலாவது வேலை இருக்கும்.

ஆகவே ஒரு ஜோடிக் கண் வேண்டும். என் படகில் ஏற ஊரில் எவனும் இல்லை, நான் எவனையும் ஏற்றியதும் இல்லை. மிச்சம் இருந்தவன் ஒருத்தன்தான். அகாஃபியாவின் தம்பி பார்ஃபென்.

பார்ஃபெனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை வடத்தைத் தூக்கினேன். நடுவில் மூன்று முள்ளில் சளியும் ரத்தமும். மீனைக் காணோம். அன்று விடியலில் பார்ஃபென் ஆற்றில் இருந்தான். நான் நேரே மீன் கூடத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும், என் மச்சான்தான் எடுத்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஸ்டர்ஜன் படகு எதிலும் அவனைச் சேர்க்கவில்லை. நாணல் வெட்டினான், கெண்டை பிடித்தான், அப்படியே ஐம்பது வயதாகிவிட்டது. அக்கா முகத்துக்காக என்னை அத்தான் என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

போனபோது முற்றத்தில் நாணல் கட்டிக்கொண்டிருந்தான்.

"அடடே" என்றான் நிமிராமலே. "அத்தானுக்கு நம்ம வாசல் தெரிஞ்சிருக்கே. கண்ணு நல்லாத்தான் இருக்கு போல."

"தண்டு வலிக்க ஆள் வேணும்."

"ஊருல ஆளா இல்ல?"

"இல்ல."

"ஆளு இருக்கு. உங்ககூட வர்ற ஆளுதான் இல்ல." கயிற்றை இறுக்கிப் பல்லால் பிடித்தபடியே கேட்டான். "அதுக்காக ஒரு திருடனையா கூட்டிட்டுப் போவீங்க?"

உள்ளேயிருந்து அவன் மனைவி ஸ்டெபனிதா குரல் கொடுத்தாள். "போகாதீங்க. இன்னொரு தடவ எதாவது காணாமப் போச்சுன்னா யாரு பேரு அடிபடும்னு தெரியும்ல."

"நீ சும்மாயிரு. அத்தான் பாவம், வாயத் தெறந்து கேட்டுட்டாரு. இதுக்கே அவருக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வரும்." பிறகு என்னைப் பார்த்தான். "அடையாளம் என்ன?"

இதை வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். முதல் அடையாளத்தை உள்ளபடி சொன்னேன், அது பாதி ஊர் ஊகித்ததுதான். இரண்டாவதை மாற்றிச் சொன்னேன். கோபுரத்துக்குப் பின்னால் நெட்டைப் பாப்லர் மரம் மறைய வேண்டும் என்றேன். பாப்லர் அடையாளம் உண்மையான இடத்துக்கு மேலே, அறுபது தடவை தண்டு வலிக்கிற தூரம். அங்கே போனபின் மாட்டவில்லையே என்று முனகிக்கொண்டு, நீரோட்டத்தோடு கீழே வரச்சொல்லி, அறுபது தண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டு கரண்டியைப் போட்டுவிடலாம். வடம் தற்செயலாக மாட்டியது போல இருக்கும். அவன் கண்ணும் கிடைக்கும், என் இடமும் என்னோடே இருக்கும்.

பார்ஃபென் நாணல் கட்டைக் கீழே வைத்தான்.

"நெட்டைப் பாப்லரா?"

"ஆமா."

"சரி அத்தான். பாப்லர்னா பாப்லர்."

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். எல்லைக் காவல் குடிசையில் பெயர் எழுதிவிட்டு இறங்கும்போது ஆற்றின்மேல் மூடுபனி கிழிந்துகொண்டிருந்தது. அகாஃபியா உட்காரும் பலகையில் அவன் உட்கார்ந்தான். அவளைவிடக் கனம், படகின் மூக்கு தாழ்ந்து போனது. அவன் பேசிக்கொண்டே வந்தான். ஸ்டெபனிதாவின் வாத்துகள், பாதிரியாரின் புதுப் பல், கூடத்தில் ப்ரெதா வாங்கி வைத்திருக்கும் தராசு பொய் சொல்வது. நான் காதில் வாங்கவில்லை. பாப்லரில் நிறுத்துவான், பிறகு எண்ண வேண்டும், அதிலேயே இருந்தேன்.

"இப்போ" என்றான்.

அவள் சொல்கிற மாதிரியே சொன்னான். அக்காள் தம்பி, குரலில் அந்த இழுப்பு இருக்கத்தான் செய்யும். என் கை தானாகக் கரண்டியை விட்டுவிட்டது. கயிறு இறங்கி, தரையில் இழுபட்டு, கப்பென்று நின்றது. வடம்.

எண்ணவே இல்லையே என்று எனக்குப் பட்டது. அதை யோசிக்க நேரமில்லை. வடத்தைப் படகின் விளிம்புக்கு ஏற்றி முள் முள்ளாகக் கடந்து போனேன். சேறு, சேறு, ஒரு செத்த கெளுத்தி. இருபதாவது முள்ளுக்கு அப்பால் வடம் கனத்தது. கல்லும் கனக்கும், ஆனால் கல்லுக்கு உயிர் கிடையாது. இது ஒரு மூச்சு விட்டு ஒரு மூச்சு இழுத்தது.

"பார்ஃபென். இருக்கு."

"தெரியுது. உங்க முதுகு சொல்லுது. மெதுவா."

பெலுகா. ஸ்டர்ஜன் சாதியிலேயே பெரியது. அது மேலே வரும்போது சண்டை போடாது. தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி வரும். வெளிச்சம் கண்ணில் பட்டதும் கீழே போகும். போகும்போது பிடிக்கக்கூடாது, விட வேண்டும். பிடித்தால் உன் கையிலும் ஒரு முள் ஏறி நீயும் அதோடு போவாய். மூன்று தடவை போனது, மூன்று தடவை விட்டேன். பார்ஃபென் வடம் படகுக்கு அடியில் சிக்காமல் பின்தண்டு போட்டு நிறுத்திக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாலாவது தடவை தலை வந்தது. சாம்பல் நிறம், அடியில் சுருக்குப்பை மாதிரி வாய், நாலு மீசை. செவுளுக்குக் கீழே துறட்டியைப் போட்டுப் பிடித்தேன். பார்ஃபென் தண்டை விட்டுவிட்டு மரச்சம்மட்டியை எடுத்துக் கண்களுக்கு நடுவில் ஒரே போடு போட்டான். வாய் வழியாகக் கயிற்றைக் கொடுத்து, செவுள் வழியாக எடுத்து, படகோடு கட்டினோம். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. என்னைவிட ஒன்றரை மடங்கு நீளம்.

இருவரும் பலகையில் விழுந்து மூச்சு வாங்கினோம்.

"அக்கா இருந்திருந்தா இந்நேரம் திட்டு விழுந்திருக்கும்" என்றான். "'ரெண்டு எருமையும் என் படகைக் கவுத்துருவீங்கடா'ன்னு."

சிரித்தேன். புதைத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"நாம பாப்லர்லயா நிக்கிறோம்?" என்று கேட்டேன்.

"இல்ல."

"பின்ன?"

"பிளந்த வில்லோல. நீங்க சொன்ன எடத்துல நின்னுருந்தா இந்த மீனு நமக்கு எங்க கெடைக்கும்?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அக்காதான். எனக்குக் கல்யாணமான வருஷமே சொன்னா. 'அவருக்கு ஆத்துல எதாவது ஆச்சுன்னா தேடிப்போக ஒருத்தனுக்காவது எடம் தெரியணும்'னா. போன மாசம் படுத்திருந்தப்ப மறுபடி சொன்னா." அவன் தண்டின் நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "'அவருக்கு நாலு வருஷமா கண்ணு தெரியல. கேக்க வெக்கப்படுவாரு. கேட்டாலும் உங்கிட்ட பொய்தான் சொல்லுவாரு. நீ கோவிச்சுக்காத, கூட்டிட்டுப் போ'ன்னா."

வேறு மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நன்றி சொல்லியிருப்பான். எனக்குள் ஓடியது கணக்கு. இவனுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அப்படியென்றால் அன்றைக்கே இவனுக்கு இடம் தெரியும்.

"அப்போ அந்த மீன எடுத்தது நீதான்" என்றேன்.

அவன் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, மீனின் விலாவில் ஏறியிருந்த முட்களில் ஒன்றைக் கழற்றினான். துடைத்தான். என் உள்ளங்கையில் வைத்தான். ஆணி மாதிரி நிமிர்ந்து கிடந்தது.

"இதையும் நான்தான் நிமித்துனேனா, எரெமெய்?"

அவன் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இதுவரை எழுதாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், சளியும் ரத்தமும் இருந்த அந்த மூன்று முள்ளும் இதே மாதிரி நிமிர்ந்துதான் இருந்தன. திருடுகிறவன் முள்ளைக் கழற்றுவான், நிமிர்த்த மாட்டான். பெரிய மீன் ஒன்று மாட்டி, முள்ளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டது. என் கையால் அடித்து, என் கையால் பதம் பார்த்த முள். பதம் போதவில்லை. இந்த ஊரில் முள்ளுக்குப் பதம் பார்க்கத் தெரியாதவன் என்று பெயர் எடுப்பதைவிட என்னிடம் திருடிவிட்டார்கள் என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது; வருடம் போகப் போக நானே அதை நம்பியும் விட்டேன். மூன்றையும் படகிலேயே சுத்தியலால் வளைத்துவிட்டுத்தான் கரைக்கு வந்தேன். அன்றும் எதிர்ப்பலகையில் அகாஃபியாதான் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே தண்டு வலித்தாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

பார்ஃபென் படகைத் திருப்பினான். கரை வரும்வரை வாத்தும் இல்லை, பாதிரியாரும் இல்லை.

மீன் கூடத்தில் ப்ரெதா மீனைச் சுற்றிச் சுற்றி வந்தான். என் இடம் எனக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நான் நினைத்தது நடந்துவிட்டது. முட்டை அரசாங்கத்துக்குப் போகும், ஆனால் தண்டு வலித்தவனுக்கு ஒரு கிண்ணம் முட்டை எடுத்து வைப்பது எங்கள் கூடத்தில் வழக்கம், அதிகாரியும் அந்த நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வான். பார்ஃபென் அதற்கு நிற்கவில்லை. படகைக் கட்டிவிட்டு அப்படியே போய்விட்டான்.

மறுநாள் லாசரு சனிக்கிழமை. நோன்பு முழுவதிலும் மீன்முட்டை சாப்பிட அனுமதியுள்ள ஒரே நாள். கிண்ணத்தைத் துணியால் மூடி அவன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஸ்டெபனிதா வாங்கிக்கொண்டாள். அவன் மேஜையில் இருந்தான்.

"உக்காருங்க" என்றான். மனைவியிடம், "வந்தவருக்குத் தண்ணி குடு" என்றான்.

அவள் அலமாரிப் பக்கம் கையை நீட்டினாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, கதவைப் பார்த்தான். அவள் கையை இறக்கினாள். பிறகு கதவோரம் போய், ஆணியில் தொங்கிய தகரக் குவளையை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

குடித்தேன். எங்கள் வீட்டுக் குவளை மாதிரியேதான் இருந்தது, விளிம்பில் துருவின் ருசி.

"அன்னிக்கும் முள்ளு நிமிந்துதான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்."

"அவ சொன்னாளா?"

"வேற யாரு சொல்லுவா? அன்னிக்கே வந்து சொல்லி அழுதா. வெளிய சொன்னா உங்களுக்கு அவமானம்னு என் வாயையும் கட்டிட்டா." கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான், திறக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஊருக்குத் தெரியணும். கூடத்துல நின்னுதானே சொன்னீங்க. அங்கயே நின்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை போனேன். அடுப்பைச் சுற்றி ஆறேழு பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நின்று சொன்னேன். முள் நிமிர்ந்திருந்ததையும் சொன்னேன், நான் வளைத்ததையும் சொன்னேன். யாரும் ஊசியை நிறுத்தவில்லை.

விகூலா என்கிற கிழவன், என் வயதுக்காரன், மெதுவாகச் சிரித்தான். "பாவம்யா. பொண்டாட்டி போயிட்டா, தண்டு வலிக்க ஆளு வேணும். அதான் திருடன நல்லவனாக்கப் பாக்கறான்."

"நான் சொல்றது நெசம். முள்ளு நிமிந்துதான் கெடந்துச்சு."

"அவன் நிமித்திட்டு எடுத்திருப்பான்" என்றான் இன்னொருவன்.

"அப்பல்லாம் நீ அடிச்ச முள்ளு எதுக்கு நிமிரப்போகுது?" என்றான் விகூலா. "இந்தக் கரையிலயே உன் முள்ளுதான் முள்ளு. நாங்க பாக்காததா?"

மேலும் இரண்டு தடவை சொன்னேன். ஒருவன் எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டான், உடம்பு சரியில்லாதவனுக்குப் போடுவது மாதிரி. அவனைத் திருடன் என்று அன்றைக்கு நான் ஒரே தடவைதான் சொன்னேன். அது போதுமாயிருந்தது.

பார்ஃபென் வீட்டுக்குத் திரும்பப் போய் என்ன சொல்ல? சொன்னேன், நம்பவில்லை என்றா? போகவில்லை. அவனும் வரவில்லை. பரிசுத்த வாரம் முழுக்கக் கிழக்குக் காற்று, ஆற்றில் இறங்க முடியவில்லை. பாஸ்கா அன்று கோயிலில் அவன் இடப்பக்கம் நின்றான், நான் வலப்பக்கம் நின்றேன். பாஸ்கா சாய முட்டையை வழக்கப்படி யாரோடும் தட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைத்துத் தின்றேன்.

காற்று நின்றதும் தனியாகப் படகை எடுத்தேன். கோயில் குவிமாடத்தையும் புகைபோக்கியையும் ஒரு கோட்டில் வைத்துக்கொண்டு நேராக நடு ஆற்றுக்குப் போனேன். அதுவரைக்கும்தான் என் கண் எட்டும். மீதிக்குக் கிளறிப் பார்க்கலாம் என்று கரண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. செத்த அன்னம் என்று நினைத்தேன். கிட்டே போனால் எண்ணெய் டின். மூடியைத் தார் வைத்து அடைத்து, மேலே வெள்ளைச் சாயம் பூசி, என் வடத்தின் நுனியில் கட்டியிருந்தது. கட்டியிருந்த முடிச்சு அகாஃபியா வீட்டு முடிச்சு, அவர்கள் அப்பா போடுவது. பார்ஃபென் எப்போது வந்து கட்டினான் என்று தெரியாது. நல்லதுக்குக் கட்டினானா, இனி உனக்கு என் கண் வேண்டியதில்லை என்று சொல்வதற்காகக் கட்டினானா, அதுவும் தெரியாது. இரண்டாகவும் இருக்கலாம்.

அன்று ஆற்றில் நாலு படகு போனது. நாலும் டின்னைப் பார்த்திருக்கும். நாளைக்கு ஊருக்கே தெரியும் எரெமெயின் இடம் எது என்று. டின்னை அறுத்துவிட இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன்.

ஒற்றை ஆளால் வடத்தைத் தூக்க முடியாது என்று முன்னால் எழுதினேன். அது தப்பு. டின் கயிற்றைப் பிடித்துப் படகை வடத்திலேயே தொங்கவிட்டு, கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டு போகலாம். இரண்டு மடங்கு நேரம் ஆகும், பேச்சுத்துணை இருக்காது. ஆனால் நடக்கும்.

அறுக்காமல் விட்ட டின்னில் அடுத்த பத்து நாளில் ஒரு பக்கம் முழுக்கச் சேறும் பாசியும் ஏறிப் பழுப்பாகியிருந்தது. அதை மடியில் வைத்துக் கத்தியால் சுரண்டினேன். வெள்ளை தெரிகிறவரைக்கும் சுரண்டி, தண்ணீரில் அலசி, திரும்ப ஆற்றில் விட்டுவிட்டு, முதல் முள்ளைத் தூக்கினேன்.